கரிசல் மண்ணில் ஒரு காப்பியப் புலவர்: உமறுப் புலவர் வாழ்வும் காலமும்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கு நோக்கிப் பேருந்தில் செல்வோர் இருமருங்கிலும் காண்பது கரிசல் நிலமே. மழை பெய்தால் காலைப் பற்றிக்கொண்டு விடாத களிமண். கோடை வந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் காடு. பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மல்லியும் மிளகாயும் வானத்தை மட்டுமே நம்பி விளையும் மானாவாரிப் பூமி இது. இப்பாதையில் அமைந்த எட்டயபுரத்தை 1882ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த ஊராகவே நம் மாணவச் செல்வங்கள் அறிவர். பாரதியார் பிறப்பதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே இதே ஊரின் மண்ணில் மற்றொரு பெரும் புலவர் துயில்கொண்டுவிட்டார். சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவரே அவர். அவர்தம் வாழ்வை அவர் வாழ்ந்த காலத்தோடு இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உமறுப் புலவரின் வாழ்வைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி வழிவழியாக வந்த செய்திகளே. அவற்றைச் சொல்லும்போது அவ்வாறே சொல்லிச் செல்வோம். அவர் 1642இல் பிறந்து 1703இல் மறைந்தார் என்பது பலரும் ஏற்றுக்கொண்ட காலக்கணிப்பு. பிறந்த ஊர் விளாத்திகுளம் பக்கத்து நாகலாபுரம் என்பர் ஒரு சாரார். கீழக்கரை என்பர் மற்றொரு சாரார். தந்தையார் சேகு முதலியார் மணப்பொருள் வாணிகம் செய்தவர் என்றும், எட்டயபுரத்தில் குடியேறியவர் என்றும் கூறுவர். அத்தரும் சந்தனமும் சுமந்து அரண்மனை வாயில் வரை செல்லும் வணிகர்க்கு அரசவையின் அறிமுகம் கிடைப்பது இயல்பு. அவ்வறிமுகமே மகனைத் தமிழ் கற்கும் திண்ணைக்குக் கொண்டு சேர்த்திருக்க வேண்டும் என்று நாம் கருதுகின்றோம்.

இளசை என்னும் பழம்பெயருடைய எட்டயபுரம் அந்நாளில் மதுரை நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்ட பாளையம். எட்டப்பர் என்னும் பட்டம் தாங்கிய அதன் தலைவர்கள் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட கம்பளத்து நாயக்கர் குலத்தினர். அவர்தம் அவையிலோ தமிழ்ப் புலவர்கள் வீற்றிருந்தனர். அவர்களுள் தலைமை சான்றவர் கடிகைமுத்துப் புலவர். தம் மன்னர்மீது சமுத்திர விலாசம் என்னும் சிற்றிலக்கியம் பாடியவர் அவர். இக்கடிகைமுத்துப் புலவரே உமறுவின் ஆசிரியர். தெலுங்கு பேசும் அரசர், தமிழ்ப் புலவராகிய ஆசிரியர், முஸ்லிம் மாணவர் என இம்மூவரும் ஒரே அவையில் இருந்தது இன்று நமக்கு வியப்பாகத் தோன்றலாம். அந்நாளில் அதனை எவரும் வியப்பாகக் கருதியதாகத் தெரியவில்லை.

மாணவராக இருந்தபோதே உமறு புகழ்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. வாலை வாருதி என்னும் வடநாட்டுப் புலவர் பல அவைகளை வென்று, விருதுகள் முழங்க எட்டயபுரத்துக்கு வந்தாராம். கடிகைமுத்துப் புலவர் தயங்கி நின்ற வேளையில் 16 வயதே நிரம்பிய உமறு ஆசிரியர் சார்பில் அவையேறி அவரை வென்றார் என்பது மரபுச் செய்தி. இதனை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அழகுபடுத்திச் சொல்வர். அவ்வழகுகளை விட்டுவிடினும் ஒரு செய்தி எஞ்சுகின்றது. ஆசிரியரின் மானத்தைத் தம் மானமாகக் கொண்ட மாணவர் அவர். பின்னர் அவரே அவைக்களப் புலவராக உயர்ந்தார். இங்கு நின்றிருந்தால் எட்டப்பர்மீது சில சிற்றிலக்கியங்கள் பாடிய பாளையத்துப் புலவர் பலருள் ஒருவராகவே அவர் பெயர் நின்றிருக்கும்.

காலத்தின் கோலம்

உமறு பிறந்த 17ஆம் நூற்றாண்டு தென்கோடித் தமிழகத்தில் சமயமும் வாணிகமும் அரசும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட காலம். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே போர்ச்சுக்கீசியர் முத்துக்குளித்துறையில் கால் பதித்துவிட்டனர். 1535 முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பரதவர் குலத்தினர் பெருந்தொகையினராகக் கத்தோலிக்கம் தழுவினர். கடல் வாணிகத்தில் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டிருந்த முஸ்லிம்கள் போர்ச்சுக்கீசியரின் பகையால் அல்லற்பட்டனர். 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். உமறுவுக்கு அப்போது வயது 16. கடற்கரையின் கொடிகள் மாறின. கரிசற்காட்டுப் பருத்தி கடற்கரை நோக்கிச் செல்வது மட்டும் நிற்கவில்லை.

கத்தோலிக்க சமயம் கரையோடு நின்றுவிடவும் இல்லை. கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டி சேசு சபைத் துறவியரின் பழமையான பணித்தளமாகும். பிற்காலத்தில் தேம்பாவணி இயற்றிய வீரமாமுனிவர் தமிழகம் வந்த தொடக்க ஆண்டுகளில் இவ்வூரில் பணியாற்றினார். அப்போது உமறு மறைந்து பத்தாண்டுகள்கூட நன்கு கழிந்திருக்கவில்லை. தமிழில் இஸ்லாமியப் பெருங்காப்பியம் பாடியவரும் கிறித்தவப் பெருங்காப்பியம் பாடியவரும் இக்கரிசற்காட்டில் ஒரு நாள் நடைத் தொலைவுக்குள் நடமாடியிருக்கின்றனர். இலக்கிய வரலாற்று நூல்கள் இவ்விருவரையும் தனித்தனி இயல்களில் வைத்துவிடுவதால் இந்த அண்மையை நம் மாணவர்கள் காணத் தவறிவிடுகின்றனர்.

கிழக்கே இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய ஆட்சியில்தான் 1693இல் அருளானந்தர் எனப்படும் ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் கொலையுண்டார். அரச குடும்பத்து உறவினர் ஒருவர் மதம் மாறியதால் எழுந்த பூசல் அதற்குக் காரணமாயிற்று. அதே சேதுபதியின் உற்ற நண்பராகவும் அறிவுரையாளராகவும் விளங்கியவர் கீழக்கரையின் பெருவணிகர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். மக்கள் வாயில் அப்பெயர் சீதக்காதி என வழங்கிற்று. சேதுபதி தம் பெயராகிய விஜய ரகுநாதர் என்பதையே அவருக்குப் பட்டமாக அளித்திருந்தார். ஒரே மன்னர் ஓரிடத்தில் வாளும் மற்றோரிடத்தில் தோழமையும் காட்டியதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய சமயம் குடும்ப உறவையும் அரசுரிமையையும் தொட்டபோது அரசு சினந்தது. பல தலைமுறைகளாக மண்ணோடு பழகிவிட்ட சமயத்தை அது தன் உறவாகவே கருதிற்று.

உலகின் மறுகோடியிலும் இத்தகைய கொந்தளிப்பு நிகழ்ந்துகொண்டிருந்தது. இங்கிலாந்திலிருந்து கடல்கடந்து அமெரிக்காவில் குடியேறிய தூய்மைவாதக் கிறித்தவர்கள் 1636இல் ஹார்வர்டு கல்லூரியை நிறுவினர்; சமய போதகர்களை உருவாக்குவது அதன் முதன்மை நோக்கம். 1640இல் அவர்கள் அச்சிட்ட முதல் நூல் இறைத்துதிப் பாடல்களின் மொழிபெயர்ப்பே. எந்நிலையினர் எத்தகைய ஆடை அணியலாம் என்று மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1651இல் சட்டம் இயற்றியது. 1692இல் சேலம் என்னும் ஊரில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டனர். புதிய நிலத்தில் பழைய மறையை எவ்வாறு வாழ்வது, கல்வியை யார் கையில் கொடுப்பது, ஆடையில் நெறி எவ்வளவு இருக்கிறது என்னும் வினாக்கள் அங்கே சட்டமாகவும் தண்டனையாகவும் வெடித்தன. நம் கடற்கரையிலும் ஆடை பற்றிய வினா ஒன்று எழுந்தது. அஃது ஒரு காப்பியத்தில் போய் முடிந்தது.

அப்பா அவர்களின் வாசலில்

சீதக்காதி வள்ளல் தமிழ்ப் புலவர்களைப் பேணியவர். படிக்காசுப் புலவர் அவர்பால் பரிசில் பெற்றவர். மறைந்த பின்னும் கொடுத்தவர் என்று பழமொழியிலேயே இடம்பெற்றுவிட்ட அவ்வள்ளலுக்கு நீங்காத ஏக்கம் ஒன்று இருந்ததாம். இராமனுக்கும் கண்ணனுக்கும் தமிழில் பெருங்காப்பியங்கள் உள்ளன. தமிழகத்து முஸ்லிம்கள் தம் நாயகமாகப் போற்றும் நபிகள் பெருமானாருக்கு (ஸல்) அவ்வளவு விரிந்த காப்பியம் தமிழில் இல்லையே என்பது அந்த ஏக்கம்.

அதற்கு முன்னர் இஸ்லாமியத் தமிழ் நூல்கள் இல்லாமலில்லை. 1572இல் வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிரம் மசலாவும், 1590இல் ஆலிப் புலவரின் மிகுராசு மாலையும் தோன்றிவிட்டன. உமறு ஆறு வயதுச் சிறுவராக இருந்த 1648இல் கனகவிராயர் கனகாபிடேக மாலை என்னும் காப்பியத்தையே இயற்றியிருந்தார். ஆகவே உமறு வெறுவெளியில் விதை ஊன்றினார் என்று சொல்வது முன்னோர்க்கு இழைக்கும் அநீதியாகும். எனினும் பெருமானாரின் திருவாழ்வைப் பிறப்பு முதல் விரித்துப் பாடும் பேரிலக்கியம் அதுவரை எழவில்லை. வள்ளலின் பார்வை எட்டயபுரத்து இளம்புலவர்மீது விழுந்தது.

பணியை ஏற்றுக்கொண்ட உமறுவுக்கு முதலிலேயே ஒரு தடை. பெருமானாரின் வரலாறு அரபு நூல்களில் இருந்தது. அவரோ தமிழில் துறைபோனவர். மூலச் செய்திகளை எடுத்துரைக்கத்தக்க மார்க்க அறிஞர் ஒருவர் வேண்டும். அந்நாளில் அவ்வகையில் தலைசிறந்து விளங்கியவர் ஷெய்கு சதக்கத்துல்லா அப்பா (ரஹ்) அவர்கள். 1632இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர். அரபியில் கவிபுனையும் ஆற்றல் வாய்ந்தவர். தென்னகத்து ஆலிம்கள் பலரின் ஆசிரியர். வள்ளலின் பரிந்துரையோடு உமறு அவர்களின் வாசலில் சென்று நின்றார்.

அப்பா அவர்கள் நிமிர்ந்து பார்த்தபோது கண்டது அரசவைக் கோலத்தில் நின்ற ஒரு புலவரை. உடையிலும் அணியிலும் எட்டயபுரத்து அவையின் சாயலே தெரிந்தது; மார்க்கம் பேணும் ஒருவரின் அடையாளம் புலப்படவில்லை. இத்தகைய கோலத்தினர்க்குப் பெருமானாரின் வரலாற்றைச் சொல்லுதல் தகாது என்று அவர்கள் மறுத்துவிட்டதாக மரபு கூறுகின்றது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க விரும்புகின்றோம். மேடைகளில் இதனைச் சொல்வோர் அப்பா அவர்களின் கண்டிப்பை விரைந்து கடந்து, அடுத்துவரும் கனவுக்குத் தாவிவிடுவர். அம்மறுப்பில் ஒரு பொறுப்பு இருந்தது. பெருமானாரின் பெயரால் இட்டுக்கட்டியவற்றைச் சொல்வது எத்துணைப் பெரும் பிழை என்று அறிந்தவர் அவர். கற்பனையும் உயர்வு நவிற்சியும் தொழிலாகக் கொண்ட புலவர் ஒருவரிடம் அத்திருவரலாற்றை ஒப்படைக்க அவர் அஞ்சியது இயல்பே. மறுபுறம் உமறுவின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எட்டயபுரத்து அவையில் அவர் புலமையால் ஏற்கப்பட்டவர். சொந்தச் சமுதாயத்தின் வாசலிலோ உடையால் மறுக்கப்பட்டவர். அவருக்குத் தமிழ் கற்பித்தவர் அவர் மார்க்கத்தவர் அல்லர். மார்க்கம் கற்பிக்க வேண்டியவரோ அவருடைய தமிழை ஐயுற்றார். இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற தனிமையை, நம் வகுப்பறைகளில் தமிழிலக்கியம் எடுத்துப் படிக்கும் முஸ்லிம் மாணவர் சிலர் இன்றும் ஓரளவு உணர்ந்திருப்பர். வீட்டில் இப்படிப்பு எதற்கு என்று கேட்போரும் உண்டு. வெளியில் உமக்குத் தமிழ் எப்படி இவ்வளவு வந்தது என்று வியப்போரும் உண்டு. இவ்விரண்டாம் வகையினரின் வியப்பே நம்மை மிகுதியும் வருத்துகின்றது.

மனமுடைந்த உமறு கீழக்கரைப் பள்ளிவாசலில் தங்கிப் பெருமானாரை நினைந்து உருகிப் பாடினார். அவ்வுருக்கத்தில் பிறந்ததே முதுமொழிமாலை என்பர். பின்னர்ப் பெருமானார் கனவில் தோன்றி அருளியதால் அப்பா அவர்கள் மனம் மாறி இசைவளித்தார்கள் என்றும், செய்திகளைப் பெறுவதற்குப் பரங்கிப்பேட்டையிலிருந்த மார்க்க அறிஞர் ஒருவரிடம் வழிப்படுத்தினார்கள் என்றும் சொல்லப்படுகின்றது. கனவைப் பற்றி ஆராய்வது நம் பணியன்று. ஆயினும் அப்பா அவர்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டார்கள் என்பதை நாம் குறித்துக்கொள்ளலாம். கண்டிப்பும் கனிவும் ஒருவரிடத்தே இருந்தமையால்தான் ஐயத்தோடு மூடிய கதவு அறிவோடு திறந்தது.

உமறு அரபு வரலாற்றைக் கேட்டுத் தமிழில் ஆக்கிய முறையும் எண்ணத்தக்கது. அறிஞர் சொல்லச் சொல்ல அவர் கேட்டிருப்பார். மனத்தில் பதித்த செய்தி விருத்தமாக ஓலையில் இறங்கியிருக்கும். நிகழ்ச்சி அரபு நாட்டது. யாப்பும் அணியும் கம்பரிடமும் ஏனைய காப்பியப் புலவரிடமும் கற்றவை.

பணி நடந்துகொண்டிருந்தபோதே சீதக்காதி வள்ளல் மறைந்துவிட்டார் என்றும் அதனால் இடையில் தடை நேர்ந்தது என்றும் வழிவழிச் செய்தி உண்டு. பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அடுத்து ஆதரவளித்தார். சீறாப்புராணத்தில் பாராட்டப்படும் வள்ளல் இவரே. நூலின் பல இடங்களில் இவர் பெயர் வருகின்றது. தொடங்கி வைத்த சீதக்காதியின் பெயர் நூலில் இல்லை. இதற்குக் காரணம் தேடி அறிஞர்கள் பலவாறு எழுதியுள்ளனர். அவ்வள்ளல் தம் பெயர் வேண்டாவெனத் தடுத்தார் என்பது அவற்றுள் ஒன்று. அஃது உண்மையோ அன்றோ, அவருக்குப் பொருந்துவதாக இருக்கின்றது. சீதக்காதி நொண்டி நாடகம், சீதக்காதி திருமண வாழ்த்து என்னும் சிறுநூல்கள் உமறுவின் பெயரால் வழங்குவதையும் இங்கு நினைவுகூர வேண்டும்.

காப்பியத்தின் நெஞ்சு

சீறாப்புராணம் மூன்று காண்டங்களையும் 92 படலங்களையும் 5027 விருத்தங்களையும் உடையது. பெருமானாரின் பிறப்பையும் இளமையையும் கூறும் விலாதத்துக் காண்டம் 1240 பாடல்கள். நபித்துவம் அருளப்பெற்ற காலத்தைக் கூறும் நுபுவ்வத்துக் காண்டம் 1104 பாடல்கள். மதீனாவுக்குப் பெயர்ந்த பின்னர் நிகழ்ந்தவற்றைக் கூறும் ஹிஜ்ரத்துக் காண்டம் 2683 பாடல்கள். சீறத் என்னும் அரபுச் சொல் வாழ்க்கை வரலாறு எனப் பொருள்படும். அதனோடு புராணம் என்னும் சொல்லைச் சேர்த்துப் பெயரிட்டபோதே உமறு தாம் செய்யப்போவதை அறிவித்துவிட்டார் எனலாம்.

மக்காவின் நாட்டையும் நகரையும் அவர் பாடும்போது அங்கே ஆறு பெருகுகின்றது, வயலில் உழவர் ஏர் பூட்டுகின்றனர், நாற்று நடுகின்றனர், கரும்பும் கமுகும் செழிக்கின்றன. அரபுப் பாலைவனத்தில் மருத நிலம் ஏது என்று நகைத்தவர் உண்டு. இது தமிழ்க் காப்பிய மரபு என்பது வழக்கமான விடை, அது சரியே. நாம் அதனோடு ஒன்றைக் கூட்டிச் சொல்வோம். பெருவெள்ளம் வரும் நாள்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய வைப்பாற்றுப் பக்கத்தில் வளர்ந்தவர் உமறு. மழை பொய்த்தால் அடுத்த வேளை என்னவென்று அறியாத குடிகளை நாளும் கண்டவர். தாம் உயிரினும் மேலாகப் போற்றும் பெருமானார் பிறந்த நாட்டுக்கு அவர் தரக்கூடிய தலைசிறந்த வாழ்த்து தண்ணீரே அல்லவா! விலாதத்துக் காண்டத்தில் சுரத்திற் புனலழைத்த படலம் என்று ஒரு படலம் உண்டு. வணிகக் கூட்டத்தார் பாலையில் நாவறண்டு தவிக்க, பெருமானாரால் நீர் சுரக்கும் நிகழ்ச்சி அது. கோடையில் குடத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலையும் கரிசற்காட்டுப் பெண்களைப் பார்த்த பின்னர் அப்படலத்தைப் படிப்போர்க்கு அதன் தாகம் புதிதாக விளங்கும்.

சொல்லாட்சியில் உமறு மேற்கொண்ட துணிவு இன்னும் பெரிது. பெருமானாரின் பிறப்பைக் கூறும் படலத்துக்கு நபியவதாரப் படலம் என்று பெயர் சூட்டினார். வானவர் தலைவரான ஜிப்ரீல் (அலை) அவர்களைச் சபுறயீல் எனத் தமிழாக்கி, அமரர்க்கு அரசர் என்னும் பொருள்பட வழங்கினார். திருக்குர்ஆனை மறை என்றார். அதே வேளையில் தீன், ஈமான், கலிமா போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் அவ்வாறே வைத்தார். எச்சொல்லைத் தமிழின் பழைய சொல்லால் சொல்லலாம், எச்சொல்லை அரபியிலேயே விட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அவதாரம் என்னும் சொல் இறைவனே மண்ணில் இறங்குதல் என்னும் கருத்தைத் தருமே என்று கேட்பவர்க்கு நூல் முழுவதுமே விடை கூறும். இறைவன் ஒருவனே என்பதிலும் பெருமானார் அவன் அடியாரும் தூதரும் என்பதிலும் உமறு ஓரிடத்தும் நெகிழ்ந்தாரில்லை. பழைய குடத்தில் புதிய நீரை நிரப்பினார். குடமும் உடையவில்லை, நீரும் கலங்கவில்லை.

மக்கள் நெஞ்சில் மிகுதியும் நின்றது மானுக்குப் பிணை நின்ற படலமே. வேடன் வலையில் அகப்பட்ட பெண்மான், பசியோடிருக்கும் கன்றுக்குப் பாலூட்டித் திரும்புவதாகக் கூறிப் பெருமானாரிடம் இரங்குகின்றது. பெருமானார் வேடனிடம் தம்மைப் பிணையாகத் தந்து அதனை விடுவிக்கின்றார்கள். மான் சொன்னபடியே, கன்றையும் உடன் அழைத்துக்கொண்டு மீண்டு வருகின்றது. வேடன் மனம் நெகிழ்ந்து ஈமான் கொள்கின்றான். பள்ளிப் பாடநூல்கள் வழியாக இப்பகுதியைச் சமய வேறுபாடின்றித் தமிழ் மாணவர் பல தலைமுறையினர் கற்றுள்ளனர். கன்றைப் பிரிந்த தாய்மானின் தவிப்பை உமறு பாடியுள்ள முறை, ஆடுமாடுகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த ஊரின் கவிஞரால்தான் இயலும். ஹிஜ்ரத்துப் பயணத்தின்போது குகையில் அபூபக்கர் (ரலி) அவர்களைப் பாம்பு தீண்ட, பெருமானார் நஞ்சை நீக்கும் விடமீட்ட படலமும் அதற்கு இணையாக வைத்துப் படிக்கத்தக்கது.

இங்கு நம் பெரியோர் சிலர் எழுப்பும் தடையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடும்பு பேசியது, ஈத்தங்குலை வந்தது போன்ற அற்புத நிகழ்ச்சிகள் பல காப்பியத்தில் உள்ளன. அவற்றுள் எவை வலுவான அறிவிப்புகளைச் சார்ந்தவை, எவை அல்ல என்று ஆலிம்கள் வினவுகின்றனர். வினா முறையானதே. மார்க்கச் சட்டத்துக்குச் சீறாவைச் சான்றாக எவரும் காட்டப் போவதில்லை. உமறுவும் அதற்காகப் பாடவில்லை. ஆனால் அந்த ஐயத்தையே காரணமாக்கி நூலைப் பரணில் ஏற்றிவிடுவதை நாம் ஏற்க இயலாது. முன்னர்க் கடற்கரையூர்களில் ரபீஉல் அவ்வல் மாதத்து இரவுகளில் ஒருவர் பாடலை இசையோடு ஓத, மற்றொருவர் பொருள் விரிக்க, எழுத்தறியாத தாய்மார்கள் திரைக்குப் பின்னிருந்து கேட்டுக் கண்ணீர் உகுத்தனர். அரபு அறியாத அவர்களின் உள்ளத்தில் பெருமானாரின் வரலாற்றைக் கொண்டு சேர்த்த நூல்களுள் தலையாயது இது.

முற்றாத நூலும் முடிந்த வாழ்வும்

காப்பியம் பெருமானாரின் வாழ்வு முழுமையையும் கூறவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு, ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு நிகழ்ச்சிகளில் அது நின்றுவிடுகின்றது. மக்கா வெற்றியும் இறுதி ஹஜ்ஜும் உமறுவின் எழுத்தாணிக்கு எட்டவில்லை. எஞ்சிய வரலாற்றைப் பனீ அகமது மரைக்காயர் பாடி 1732இல் நிறைவு செய்தார். அது சின்னச் சீறா என வழங்குகின்றது. தம் நூலுக்குச் சின்ன என்னும் அடையை ஏற்றுக்கொண்டதிலேயே முன்னவர்பால் பின்னவர் காட்டிய மதிப்பு புலனாகின்றது.

உமறுப் புலவர் எட்டயபுரத்திலேயே மறைந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் புகழ் மாளிகையில் வாழ்ந்ததினும் ஓலைச் சுவடிகளில் ஊர் ஊராக வாழ்ந்தது. அவ்வோலைகளைத் தேடித் தொகுத்து 1842இல் அச்சேற்றியவர் காயல்பட்டினத்துச் சேகனாப் புலவர் என்னும் ஷெய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். அவரே நான்கு காப்பியங்கள் பாடிய பெரும்புலவர். தம் நூலைப் போலவே முன்னோர் நூலையும் பேணினார். அச்சகம் நடத்துவதற்கான கட்டுப்பாடு 1835இல்தான் நீங்கியது. ஏழே ஆண்டுகளில் சீறா அச்சேறிவிட்டது. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது 1887இல் என்பதையும் நினைவிற்கொண்டால், பழங்காப்பியங்களை அச்சிற்கொணரும் முயற்சியில் முஸ்லிம் தமிழறிஞர் 45 ஆண்டுகள் முந்திநின்றமை விளங்கும். தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது நமக்குக் குறையாகவே படுகின்றது. பிற்காலத்தில் கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) இந்நூலுக்கு உரை வகுத்தார்.

எட்டயபுரத்தில் உமறுப் புலவரின் அடக்கத்தலம் நெடுங்காலம் போதிய கவனிப்பின்றி இருந்தது. 2007இல் தமிழக அரசு அங்கே மணிமண்டபம் எழுப்பியது. அதற்கு நூறாண்டளவு முன்னர், அரசும் சமுதாயமும் கருதாதிருந்த நாளில், அவ்விடத்தைப் போற்றிக் கட்டடம் எழுப்பியவர் பிச்சையாக் கோனார் என்னும் அவ்வூர் அன்பர் என்பர். நாம் மாணவர்களோடு அங்குச் சென்ற ஒரு பங்குனி நண்பகலில் வெயில் கரிசலின்மீது கானலாக ஓடிக்கொண்டிருந்தது. அருகிருந்த முதியவர் ஒருவர், வெளியூரார் என்று கண்டு, பெரிய குவளை நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புலவரைப் பார்க்க வந்தீர்களா என்று மட்டும் வினவினார். தலையசைத்தோம். அவர் முன்னே சென்று கதவைத் திறந்துவிட்டார்.